வடக்கே கல், தெற்கே மணல்: மாமனாரோடு நான்கு நாள்

திருச்செந்தூருக்கு நாங்கள் நான்கு பேர் போவதாக இருந்தது. புறப்படுகிற அன்று பார்த்தால் இரண்டு படுக்கை உறுதியாகியிருந்தது, மற்ற இரண்டும் காத்திருப்பிலேயே நின்றுவிட்டன. "முருகன் பொம்பளைங்களைத்தான் கூப்பிடுறான் போல" என்று சொல்லிவிட்டு மாமியாரும் மனைவியும் ரயிலேறிவிட்டார்கள். எழும்பூர் பிளாட்பாரத்தில் மிஞ்சியது நானும் மாமனாரும், ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்த இரண்டு நாள் லீவும், ஒரு பொட்டலம் புளியோதரையும்.

பெஞ்சில் உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்தபோது மாமா கேட்டார்: "கடலுதான பாக்கணும் மாப்ள? நம்மூர்ல இல்லாத கடலா?"

நான் திருவல்லிக்கேணியில் பிறந்தவன். பிழைப்புக்காகத் தாம்பரம் பக்கம் போய்ப் பல வருடம் ஆனாலும், மெரினாவை யாராவது குறை சொன்னால் எங்கள் வீட்டு வாசலைச் சொன்னது போலச் சுருக்கென்று இருக்கும். மாமா ராயபுரம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தொன்று, இடது முழங்காலில் தகராறு. கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒருமுறைகூடக் கடற்கரைக்குப் போனதில்லை. வடக்கிலிருந்து ஆரம்பித்துத் தெற்கே வருவது என்று முடிவு செய்தோம்.

பிப்ரவரி 6, வியாழன்: காசிமேடு, ராயபுரம்

காலை நான்கு மணிக்கு எழுப்பிவிட்டார். காசிமேட்டில் அதற்குள் ஒரு நாளின் பாதி முடிந்திருந்தது. ஐஸ் நொறுக்கும் சத்தம், கூடை தூக்குகிறவர்கள் "வழி, வழி" என்று கத்துவது, டீசல் வாடை. விசைப்படகுகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. ஒருவர் படகுக்குப் படகு தாவி, தண்ணீரே படாமல் கரைக்கு வந்தார். ஏலம் விடுகிறவர் சொல்லும் எண்கள் என் காதில் விழுவதற்குள் சரக்கு கைமாறிவிடுகிறது. மாமாவுக்கு எல்லாம் புரிந்தது.

"கண்ணு பாருங்க, செவுளு பாருங்க. செவுளு சிவப்பா இருக்கணும். வெல அப்பாலதான் கேக்கணும்."

நான் செவுளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஐஸ் தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் கால் போய்விட்டது. கால் வெளியே வந்தது, செருப்பு வரவில்லை. கையை விட்டுத் துழாவ மனமில்லை. பக்கத்தில் சங்கரா விற்றுக்கொண்டிருந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாருப்பா இது, ஆபீஸ் செருப்பு மாட்டிக்கினு மீன் வாங்க வந்துகிறது?" என்று சிரித்தார். பிறகு கம்பியை விட்டுத் துழாவிச் செருப்பை எடுத்து, தன் குடத்துத் தண்ணீரை என் காலில் ஊற்றினார். அவர் வயதுக்கு எனக்குக் கூச்சமாகிவிட்டது. "தண்ணிக்குக் காசு வாணாம், மீனுக்குக் குடு" என்றார். சங்கரா கிலோ 350 சொன்னார். பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை. மாமா பேசி 320 ஆக்கினார். வெட்டிச் சுத்தம் செய்ய 40 தனி.

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிடும், 61 நாள். அந்த நாட்களில் இந்த இடம் தூங்குகிறதா என்று கேட்டேன். "எங்க தூங்குறது? வலை தைக்கணும், போட்டுக்குப் பெயின்ட் அடிக்கணும், கடன்காரனுக்குப் பதில் சொல்லணும்" என்றார் டீக்கடைக்காரர். டீ 12 ரூபாய். தாம்பரத்தில் 15.

விடிந்ததும் மாமா என்னைக் கடலோரச் சாலைக்கு அழைத்துப் போனார். நான் அந்த வழியில் நூறு முறை பைக்கில் போயிருப்பேன். கண்டெய்னர் லாரிக்குப் பயந்து போனதில் கடலைப் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தேன். சாலை, அதை ஒட்டிக் கருங்கல் குவியல், குவியலில் அலை. நடுவே மணல் கிடையாது. ஒவ்வொரு கல்லும் ஒரு பீரோ அளவு. கொஞ்ச தூரத்துக்கு ஒன்றாகக் கடலுக்குள் கல்லாலேயே நீட்டியிருக்கிறார்கள், தூண்டில் வளைவு என்கிறார்கள்.

"அதோ அந்தக் கட்டுமரம் போவுதா?" தண்ணீரைக் காட்டினார். கட்டுமரம் என்று அவர் சொன்னது ஃபைபர் படகை. "அதுக்கு இந்தாண்டதான் எங்க ஆயா வூடு. வாசல்ல கருவாடு காயப்போட்டா அலை வந்து எடுத்துக்கும்னு எங்கம்மா சொல்லும். அப்புறம் ஒரு மழைக்காலத்துல வாசலே பூட்ச்சி."

காரணத்தையும் அவரே சொன்னார், கிரேன் மேலிருந்து முப்பது வருடம் பார்த்தவர். இந்தக் கரையில் வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். மழைக்காலத்தில் கொஞ்சம் திரும்பி வரும், ஆனால் கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1870-களில் வெள்ளைக்காரன் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பினான். 1881 நவம்பர் புயல் அதை உடைத்துப் போட்டது. திரும்பக் கட்டினான். தெற்கிலிருந்து வந்த மணல் சுவரில் முட்டி அங்கேயே நின்றுவிட்டது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை, ஆனால் அலை நிற்குமா? இருந்ததை எடுத்துக்கொண்டு போயிற்று.

"தெக்கே நின்ன மணலுக்குப் பேரு இன்னா தெரியுமா மாப்ள?"

தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் வீடு இருந்த இடத்தில் அலை அடிப்பதைப் பார்த்துக்கொண்டே அந்தப் பேரைச் சொல்ல வாய் வரவில்லை. அவரே சொன்னார். "உங்க மெரினா."

மதியம் அவரே சமைத்தார். மண்சட்டி, நல்லெண்ணெய், புளி தூக்கல். மீன் குழம்பை இன்று வைத்து நாளை சாப்பிட வேண்டும் என்பார்கள், நாங்கள் இருபது நிமிடம் பொறுத்தோம். சாயங்காலம் ராயபுரம் ரயில் நிலையம் வரை நடை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று வாலாஜாவை நோக்கிப் புறப்பட்டது இங்கிருந்துதான். வரிசையாகத் தூண்கள் வைத்த முகப்பு இன்னும் கம்பீரமாக நிற்கிறது. பயணிகள்தான் நிலையத்தின் அளவுக்கு இல்லை.

பிப்ரவரி 7, வெள்ளி: பீச் ஸ்டேஷன், கோட்டை, பாரிமுனை

சென்னை கடற்கரை என்று பெயர்ப்பலகை வைத்த ரயில் நிலையத்தில் இறங்கிக் கடலைத் தேடினால் துறைமுகத்தின் மதில்தான் தெரியும். வெளியூர்க்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிக்கும்போது எனக்குக் கோபம் வரும். அதற்கும் மாமாவிடம் பதில் இருந்தது. எதிரே ஓடும் ராஜாஜி சாலைக்குப் பழைய பேர் முதல் கடற்கரைச் சாலை, ஃபர்ஸ்ட் லைன் பீச். ஒரு காலத்தில் அலை அங்கேதான் அடித்தது. துறைமுகம் வந்து கடலைத் தள்ளிவிட்டது, பேர் மட்டும் நகரவில்லை.

மதிலைத் தாண்டும்போது அவர் நடை மாறியது, கொஞ்சம் நிமிர்ந்துகொண்டார். "ராமானுஜம் சார் வேல பாத்த ஆபீஸ் தெரியும்ல?" என்றார். கணித மேதை ராமானுஜன் 1912-ல் இந்தத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா. மாமாவுக்கு அவர் சீனியர், அவ்வளவுதான். அந்தப் பெருமையோடு இன்னொன்றையும் சொன்னார். நிலக்கரியும் இரும்புத்தாதும் இங்கே இறங்கிய காலத்தில் ராயபுரம் மொட்டைமாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டி சாயங்காலம் சாம்பல் நிறமாகிவிடுமாம். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் இரண்டும் நின்ற பிறகுதான் அத்தை வெள்ளைத் துணி வாங்க ஆரம்பித்தார்.

கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பூட்டு. வெள்ளிக்கிழமை விடுமுறை. தப்பு என்னுடையது, இந்த ஊர்க்காரன் நான், எனக்கே தெரியவில்லை. காவலுக்கு இருந்தவர் எங்களை விடச் சங்கடப்பட்டு, "சர்ச் தொறந்துதான் சார் இருக்கும், போய்ப் பாருங்க, உள்ள நல்லா குளுகுளுன்னு இருக்கும்" என்று வழி காட்டினார்.

உண்மையிலேயே குளுகுளு. புனித மேரி தேவாலயம், 1680-ல் திறந்தது. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கவேண்டும் என்று கூரையைப் பீப்பாயைப் பிளந்து கவிழ்த்தது போல வளைத்து, சுவரையும் கனமாகக் கட்டியிருக்கிறார்கள். ராபர்ட் கிளைவ் கல்யாணம் 1753-ல் இங்கேதான் நடந்தது. வெளியே தரை முழுக்கக் கல்லறைப் பலகைகள். பழைய இடுகாட்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து பதித்தவை. மாமா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்து இல்லாத ஓரமாகப் பார்த்துப் பார்த்து நடந்தார். அவர்கள் யாரும் நம் ஆட்கள் இல்லையே என்றேன். "செத்தவங்கள்ல இன்னா நம்ம ஆளு, அவங்க ஆளு" என்றார். வெயில் ஏறியிருந்தது, கல் சுட்டிருக்கும். வெளி வாசல் வரைக்கும் செருப்பைப் போடவில்லை.

1639-ல் கம்பெனிக்காரர்கள் இந்த மண்ணை வாங்கியபோது அவர்களுக்குக் கிடைத்தது ஒரு மணல் திட்டு. துறைமுகம் இல்லை, கப்பல் ஒதுங்க வளைகுடா இல்லை. கப்பலைத் தூரத்தில் நிறுத்தி, மசூலாப் படகில் ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவர வேண்டும். ஆணியே இல்லாமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த படகு அது. ஆணி அடித்த படகாக இருந்தால் நம் அலை பிளந்துவிடும், தைத்தது நெளிந்துகொடுக்கும். துறைமுகம் வருகிற வரைக்கும் இந்த ஊர்க் கரைக்கு யார் வந்தாலும் நம் படகோட்டிகள் கையில் உயிரைக் கொடுத்து, பெரும்பாலும் நனைந்துகொண்டுதான் வந்து இறங்கினார்கள். கோட்டைக்கு வந்தால் கிளைவைப் பற்றிப் பேசுகிறோம். எனக்கு அந்தப் படகைத் தைத்தவரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை.

உயர் நீதிமன்ற மதிலில் எம்டன் கப்பலின் நினைவுப் பலகையைக் காட்டினார். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மானியக் கப்பல் சுட்டதில் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்தன. குண்டு போட்டவன் பெயரையே "சரியான எம்டன்பா" என்று பாராட்டாக மாற்றிக்கொண்ட ஊர் வேறு எது என்று தெரியவில்லை.

சாயங்காலம் செகண்ட் லைன் பீச்சில் அத்தோ. பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணி, பூண்டு எண்ணெய் எல்லாம் போட்டுக் கையால் பிசைகிறார்கள். தொட்டுக்கொள்ள என்று எதுவும் இல்லை, வாழைத்தண்டு சூப்தான். ஒரு பிளேட் 80 ரூபாய். கேட்கக் கேட்கச் சூப்பை ஊற்றினார்கள், காசு கேட்கவில்லை. நான் வழக்கமாக இங்கே சட்டையில் எண்ணெய் சிந்திவிட்டுத்தான் வருவேன். இந்த முறை சிந்தியது மாமா. "அத்தை வர்றதுக்குள்ள துவைக்கணும்" என்று அவர் கவலைப்பட்டதில் மசாலா முட்டையை ரசிக்காமல் விட்டுவிட்டார். எனக்கு இரண்டு கிடைத்தது.

பிப்ரவரி 8, சனி: திருவல்லிக்கேணி, மெரினா, அப்புறம் ராத்திரி

இன்று என் பேட்டை. ரத்னா கபேயில் ஆரம்பித்தோம். இட்லி கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சாம்பாரை ஊற்றுவார்கள். தீர்ந்தால் ஜக்கோடு திரும்பி வருவார்கள். மாமா மூன்றாவது முறை ஜக்கைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "இது இட்லியா, குளமா?" ஆனாலும் தட்டில் மிச்சம் வைக்கவில்லை.

கண்ணகி சிலை பக்கம் சாலையைக் கடந்ததும் மாமா நின்றார். "இங்கேருந்து எண்றேன். பேச்சு குடுக்காதீங்க." எண்ணிக்கொண்டே மணலில் இறங்கினார். நான் பின்னால். கடைகளைத் தாண்டி, துப்பாக்கியால் பலூன் சுடும் இடத்தைத் தாண்டி, குதிரை விட்டுப்போன சமாச்சாரத்தைச் சுற்றிக்கொண்டு, கிரிக்கெட் ஆடும் பையன்களுக்கு நடுவே புகுந்து போனார். ஒரு பையன் "தாத்தா, பிட்ச்சு!" என்று கத்தினான். மாமா எண்ணிக்கையை விடக்கூடாது என்று கையை மட்டும் ஆட்டினார். முதல் அலை காலில் பட்டபோது 470.

"எங்க ஊர்ல எத்தினி?" என்று கேட்டார். நான் சொல்லவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை.

1884-ல் இங்கே நடைபாதை போட்டு, சிசிலித் தீவின் ஞாபகத்தில் மெரினா என்று பேர் வைத்தவர் கவர்னர் கிராண்ட் டஃப். அவருக்கு முன்னால் இது வெறும் கரை. என் தாத்தா, அப்பா, நான் எல்லோரும் ஓடி விளையாடி, ரேடியோ கேட்டு, மாலையில் வரும் கடல்காற்றுக்காகக் காத்திருந்து, வேலை இல்லாத நாட்களில் உட்கார்ந்து கடலை கொறித்தது எல்லாம் ஒரு சுவர் தடுத்து வைத்த மணலில்தான். அதற்காக இந்த இடத்தை என்னால் வெறுக்க முடியாது, முயற்சியும் செய்யவில்லை. ஆனால் கிலோமீட்டர் கணக்கில் கருங்கல்லை நேற்று முன்தினம் பார்த்த கண்ணோடு இதைப் பார்க்கும்போது தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் தொண்டையில் கொஞ்சம் நின்றது. (30 ரூபாய்க்குக் கொடுத்த பொட்டலத்தில் மாங்காய் இரண்டே துண்டு. அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.)

ஐஸ் ஹவுஸ் வாசலில் மாமாவுக்கு ரொம்ப நேரம் பேச்சு. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் உறைந்த பனியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் நான்கு மாதக் கணக்கில் கொண்டுவந்து இறக்கிச் சேமித்த கிடங்கு அது. 1842-ல் கட்டியது. அந்த வியாபாரம் படுத்த பிறகு வீடாகி, 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கினார். இப்போது விவேகானந்தர் இல்லம். மாமாவின் சந்தேகம் வேறு: "கப்பல்லேருந்து கரைக்கு வர்றதுக்குள்ள எவ்ளோ கரைஞ்சிருக்கும்? அந்தக் கணக்க எவன் எழுதிருப்பான்?" சரக்குக் கையாண்டவரின் கேள்வி.

உழைப்பாளர் சிலை அடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். நான்கு பேர் பாறையை நெம்புகிற அந்தச் சிலை ராய் சௌத்ரி வடித்தது, 1959-லிருந்து இங்கே நிற்கிறது. இந்தியாவின் முதல் மே தினத்தைச் சிங்காரவேலர் 1923-ல் இந்தக் கடற்கரையில்தான் நடத்தினார். மாமா சங்கத்தில் இருந்தவர். அந்தச் சிலையைப் பற்றி அதிகம் பேசமாட்டார், சும்மா அதன் கால்களைப் பார்ப்பார்.

இதோடு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் ராத்திரி, கரையில் ஆமை முட்டைகளைத் தேடிக் காப்பாற்றும் ஆமை நடைக்குப் பேர் கொடுத்திருந்தேன். மாமாவை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் போவதாகத் திட்டம். "ஏன், எனக்குக் காலு இல்லியா?" என்று கிளம்பிவிட்டார்.

1988-லிருந்து மாணவர்கள் நடத்தும் நடை இது. நள்ளிரவுக்குப் பக்கமாக நீலாங்கரையில் ஆரம்பித்துப் பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர், மணலில். டார்ச் கூடாது, சத்தம் கூடாது. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரிப் பிள்ளைகள். முதல் கிலோமீட்டரிலேயே ஒரு பெண் மாமாவின் பையை வாங்கிக்கொண்டாள். "குடுங்க தாத்தா" என்று கேட்டதுதான், பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

பங்குனி ஆமை என்று மீனவர்கள் சொல்லும் அந்த ஆமை தைக்கு மேல் இந்தக் கரைக்கு முட்டையிட வருகிறது. ஒரு தடவைக்கு நூறு முட்டை அளவில். நாய், நண்டு, ஆள் எல்லோரிடமிருந்தும் காப்பாற்ற முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைப்பார்கள். ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும் குஞ்சு வர. குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துத்தான் ஓடும். கடல் பளபளக்க வேண்டிய இடத்தில் நம் தெருவிளக்கு பளபளத்தால் சாலைக்கு ஏறிவிடும்.

நாங்கள் முதலில் பார்த்தது செத்த ஆமை. இரண்டாவதும் செத்த ஆமைதான். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் இப்படி ஒதுங்கின. ஆமைக்கு மூச்சுவிட மேலே வரவேண்டும், இழுவலையில் மாட்டினால் முடியாது என்று விளக்கிக்கொண்டிருந்த பையனிடம் மாமா கேட்டார்: "எந்த ஊரு போட்டு?" பையன் எந்த ஊரையும் சொல்லவில்லை. மாமா வெகு நேரம் பேசாமல் நடந்தார். அவர் தம்பி மகனுக்குக் காசிமேட்டில் விசைப்படகில் பங்கு உண்டு.

கொட்டிவாக்கம் தாண்டியதும் முன்னால் போனவர்கள் கை காட்டினார்கள். டிராக்டர் சக்கரம் போன ஈர மணல் போலத் தடம், கடலிலிருந்து மேலே போய்த் திரும்பி வந்திருந்தது. ஆமை போய்விட்டது. ஒருவர் மெல்லிய கோலால் மணலை அங்கங்கே குத்திப் பார்த்தார். ஓரிடத்தில் கோல் சட்டென்று இறங்கியது. கையை விட்டுத் தோண்டி முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள், பிங்பாங் பந்து மாதிரி. எண்ணும் வேலையை மாமா கேட்டு வாங்கிக்கொண்டார். 118.

பிப்ரவரி 9, ஞாயிறு: பெசன்ட் நகர், திரும்ப ராயபுரம்

பொரிப்பகத்தில் முட்டைகளைப் புதைத்துவிட்டு நிமிர்ந்தபோது நாலரை. மாமாவுக்கு முழங்கால் மடங்கவில்லை, எனக்குக் குதிகாலில் இரண்டு கொப்புளம். ஷ்மிட் நினைவுச் சின்னத்தின் வளைவுக்குக் கீழே உட்கார்ந்தோம். 1930-ல் மூழ்கியவர்களைக் காப்பாற்ற இறங்கி உயிர்விட்ட டென்மார்க்காரரின் நினைவாகக் கட்டியது. அந்தப் பெண் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அடுத்த வாரமும் வாங்க தாத்தா, நல்லா எண்றீங்க" என்று சொல்லிப் போனாள். மாமா சிரித்தார், எழுந்திருக்கத்தான் என் கை தேவைப்பட்டது.

ஆட்டோ 600 கேட்டார்கள். விடிந்த பிறகு பஸ். சாந்தோம், கலங்கரை விளக்கம், அங்கே மெட்ரோவுக்காக அடைத்த தகரங்கள், அதற்குப் பின்னால் என் மெரினா, சதுரங்கக் கட்டம் பூசிய நேப்பியர் பாலம், கோட்டை. ஜன்னலோரம் மாமா தூங்கிப்போனார். பாரிமுனையில் எழுப்பி வேறு பஸ் மாற்றினேன்.

மாமியாரும் மனைவியும் வந்து சேர்ந்தபோது நாங்கள் அப்போதுதான் எழுந்திருந்தோம். கருப்பட்டி, இலை விபூதி, ஒரு வாரத்துக்குப் பேசவேண்டிய தரிசனக் கதை. அத்தை பையைக் கீழே வைப்பதற்குள் தரையைப் பார்த்துவிட்டார். வாசலிலிருந்து படுக்கை வரைக்கும் மணல்.

"ரெண்டு ஆம்பளைங்க இருந்தா வூடு இப்டித்தான் ஆகும். வாரி வெளிய கொட்டுங்க மொதல்ல."

மாமா கட்டிலில் காலை நீட்டியபடியே சொன்னார்: "நம்ம மணலுதான், இருக்கட்டும் வுடு."

"நம்ம மணலா? அப்ப நீங்களே பெருக்குங்க" என்று துடைப்பத்தை அவர் மடியில் வைத்துவிட்டு அத்தை காபி போடப் போனார். சட்டையிலிருந்த அத்தோ கறையை இன்னும் பார்க்கவில்லை.